இடுப்புக் கயிறு

"மூக்கண்ணனுக்கு எம்மேல கோவம், அம்மா," என்றான் தளவாய்.

உலகம்மை புளியில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள்.

"சொன்னாரா?"

"சொல்லல."

"பின்னே?"

"கஞ்சி குடிக்கும்போது எம்பக்கம் திரும்பவே இல்ல."

"கஞ்சி எந்தப் பக்கம் இருந்துது?"

தளவாய் யோசித்தான். "முன்னால."

"அதான் முன்னால பாத்திருக்காரு. போ, போய் வேலையைப் பாரு."

போனான். வெயில் சாய்வதற்குள் திரும்பி வந்தான்.

"போய் வேலையைப் பாருன்னு சொன்னியளே. உங்களுக்கும் எம்மேல கோவமா?"

*

பாறைக்குன்றின் அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். ஒரு கல்மண்டபம், ஓர் அடுப்பங்கரை, ஒரு கிணறு. அவ்வளவுதான் சொத்து.

உலகம்மை அதன் தலைவி. தளவாயைவிட வயதில் இளையவள். ஆனாலும் மடத்தில் எல்லாருக்கும் அவள் அம்மை. மூத்தவனையும் 'நீ' என்றுதான் சொல்வாள்.

தளவாய்க்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மடத்துக்கு வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள், மரணத்தைப் பற்றிக் கேட்பார்கள். வந்த நாளிலிருந்து தளவாய் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி.

"எம்மேல கோவமா?"

அடுப்பங்கரையைப் பார்த்துக்கொண்ட சொர்ணத்திடம் ஒரு நாள் இதையே மறுபடி மறுபடி கேட்டான். கேட்டுக் கேட்டே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அகப்பையை ஓங்கினாள்.

"பாத்தியளா, கோவந்தான்!" என்றான் தளவாய். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கால் பிடித்துவிடுவான். அடுத்தவன் சுமையைத் தானே வாங்கித் தலையில் வைத்துக்கொள்வான். ஆனால் சுமையை இறக்கிய பிறகு நகரமாட்டான். முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அந்த முகம் போதுமான அளவு மலரவில்லை என்றால், மாலைக்குள் அந்த ஆளைப் பற்றி நாலு பேரிடம் நாலு விதமாகப் பேசியிருப்பான். அவனிடம் உதவி வாங்கியவர்களெல்லாம் அவனைக் கண்டால் ஒதுங்கி நடந்தார்கள்.

ஒதுங்காதவன் மூக்கன் ஒருவன்தான்.

மூக்கன் கிணறு வெட்டுகிறவன். அம்மை இங்கே வந்த மறு வருஷம், யாரும் கூப்பிடாமல் ஒரு கடப்பாரையோடு வந்தான். அப்படியே தங்கிவிட்டான். பேச்சு குறைவு. அவன் பாய்க்கு அடுத்த பாய் தளவாயுடையது.

"எம்மேல கோவமாண்ணே?"

"இல்லப்பா."

பல வருஷங்களாக அவர்கள் பேசிக்கொண்டதில் பெரும்பங்கு இதுதான்.

*

அந்த வருஷமும் மழை இல்லை. சுற்று ஊர்க் கிணறுகளெல்லாம் வற்றி, ஜனங்கள் குடத்தோடு மடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். மடத்துக் கிணறும் எத்தனை பேருக்குத்தான் தாங்கும்? ஒரு காலையில் வாளி தரையில் மோதுகிற சத்தம் கேட்டது.

"ஆழப்படுத்தணும்," என்றான் மூக்கன்.

"செய்யுங்க," என்றாள் அம்மை.

தளவாய் இதைக் கவனித்தான். மூக்கனை மட்டும் அம்மை 'நீங்க' என்றாள். பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி அவனுக்கு மட்டும் எடுத்துவைத்தாள். தளவாயின் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

"எனக்குக் காந்தல் பிடிக்காதுன்னு யாரு சொன்னா?" என்று சொர்ணத்திடம் கேட்டான்.

"உமக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காது. ஆனா கேக்கணும்ல?"

சொர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

*

கிணற்று வேலைக்கு இரண்டு கயிறு. ஒன்று மண் அள்ளும் கூடைக்கு. மற்றது இறங்குகிற ஆளின் இடுப்புக்கு.

ஆழத்தில் குரல் எடுபடாது. சொல்வது ஒன்று, எதிரொலித்து மேலே வருவது வேறு. அதனால் பேச்செல்லாம் இடுப்புக் கயிற்றில்தான். கீழே இருப்பவன் ஒரு தடவை சுண்டினால், கூடை நிறைந்தது. இரண்டு தடவை என்றால், கயிற்றைத் தளர்த்து. விடாமல் சுண்டினால், என்னைத் தூக்கு.

மேலே இருப்பவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றைக் கையிலிருந்து விடாமல் இருந்தால் போதும்.

தளவாய் இறங்கிய நாளில் புதிதாக ஒன்று சேர்ந்தது. கயிற்றை லேசாக ஆட்டுவான். இருக்கியளா என்று அர்த்தம். மூக்கன் மேலிருந்து ஆட்டுவான். இருக்கேன் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் மண் வெட்டும் சத்தம் கேட்கும். மறுபடி கயிறு ஆடும்.

பொழுது சாயும்போது மூக்கனின் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. சொர்ணம் விளக்கெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள்.

"எதுக்குண்ணே அவன் ஆட்டுனதுக்கெல்லாம் பதிலுக்கு ஆட்டிக்கிட்டு இருக்கிய?"

"கேக்கானே. பாவம், கீழ பயமா இருக்கும்லா."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. நீங்க எத்தனை பேயத்தான் ஓட்டுவிய?"

மூக்கன் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டான்.

சேதி அம்மைக்குப் போனது. அவள் தளவாயைக் கூப்பிட்டாள்.

"எதுக்குக் கயித்தை ஆட்டுதே?"

"மேல ஆள் இருக்காகளான்னு பாக்கத்தான்."

"இருந்தாரா?"

"இருந்தாரு."

"பெறகு ஏன் திரும்ப ஆட்டுன?"

"அதுக்குள்ள போயிருந்தார்னா?"

அம்மை அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

"என்னைப் பெத்தவளே தேர்க்கூட்டத்துல கையை விட்டுட்டுப் போனவ, அம்மா. கூட்டம் கலைஞ்சப்போ தேர் நின்னுது, நான் நின்னேன். அவளைக் காணும். பெத்தவளே விட்டுட்டா. நீங்க மட்டும் விடமாட்டியன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் கிடையாது."

தளவாய் அழுதான். பெரிய மனுஷன் ஒருவன் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அம்மை தேற்றவில்லை. உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு அவள் பங்குக்கு இருந்த தண்ணீர் அவ்வளவுதான்.

அவன் அதை ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு, ஏன் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனாள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

*

மறுநாள் மூக்கன் இறங்கினான்.

முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். அடியில் விஷக்காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும். அணையவில்லை. மூக்கன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நுனியைத் தளவாயிடம் கொடுத்தான்.

"எம்மேல கோவமாண்ணே? நேத்து கையெல்லாம் கன்றிப்போச்சாமே."

"இல்லப்பா," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான் மூக்கன்.

திரும்பிப் பார்க்காமல் சொன்னான். அதைத் தளவாய் பிடித்துக்கொண்டான். கோபம் இல்லாதவன் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டானா? படி பார்த்து இறங்குகிறவன் எப்படித் திரும்புவான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மூக்கன் கயிறு சுண்டுவதில் ஒரு பக்குவம் உண்டு. முதலில் கயிறு லேசாக விறைக்கும். மேலே பிடித்திருப்பவன் சுதாரித்துக்கொள்ள அது. பிறகு ஒரே ஒரு சுண்டு. பிறகு சட்டென்று விடாமல் மெல்லத் தளர்த்துவான். பிடித்திருப்பவன் கை அறுபடாது.

கூடை நிறைந்தது. சுண்டினான். தளவாய் கூடையைத் தூக்கிக் கொட்டினான். மறுபடி நிறைந்தது. மறுபடி சுண்டினான். இடையில் ஒன்றும் இல்லை.

அந்த இடைவெளி தளவாயைத் தின்றது. கயிற்றை மேலிருந்து ஆட்டினான்.

பதில் இல்லை. கடப்பாரைச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடி ஆட்டினான். இதற்கும் பதில் வரவில்லை என்றால் கோபம்தான் என்று மனதுக்குள் பந்தயம் கட்டினான்.

வரவில்லை.

நேற்று அத்தனை தடவை பதிலுக்கு ஆட்டியவருக்கு இன்றைக்கு ஒரு தடவை ஆட்டக் கை வரவில்லையா? அம்மைதான் எதையோ சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஒதுக்கப் பார்க்கிறார்கள். இதை இப்போதே கேட்டாக வேண்டும்.

கிணற்றோரம் ஒரு கல்தூண் இருந்தது. கயிற்றை அதில் சுற்றி ஒரு சுருக்குப் போட்டான். கேட்டுவிட்டு உடனே வந்துவிடலாம் என்று நினைத்தான்.

நடந்தான்.

*

வாசலில் அம்மை கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்று ஊர் ஜனங்கள் சட்டியோடு வரிசையில் நின்றார்கள்.

தளவாய் மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்றான். நடுவில் புகுந்து பேசினால் அம்மை எரிந்து விழுவாளோ என்று பயம். அவளாகவே பார்த்து, என்ன தளவாய் முகம் வாடியிருக்கு என்று கேட்க வேண்டும் என்று ஆசை. பயமும் ஆசையுமாக அங்கேயே நின்றான்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒரு கிழவர் இரண்டாவது தடவை சட்டியை நீட்டினார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கஞ்சியைத் தரையில் சிந்திவிட்டு அழுதாள். அம்மை தன் சேலைத் தலைப்பால் குழந்தையின் காலைத் துடைத்துவிட்டாள்.

தளவாய் இருமினான். அவள் காதில் விழவில்லை. காதில் விழுந்தும் திரும்பவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

கடைசியில் அவள் நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் நீர் தளும்பியது.

"அம்மா, மூக்கண்ணன்..."

"கயிறு யார் கையில இருக்கு?" என்றாள் அம்மை.

*

அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அவள் ஓடினாள். வரிசையில் நின்றவர்களும் ஓடினார்கள்.

இடுப்புக் கயிறு அசையாமல் விறைத்து நின்றது. நாலைந்து பேர் பற்றி இழுத்தார்கள். இழுக்க இழுக்கக் கனம் வந்தது. வந்தது மூக்கனின் உடல்.

அவன் கடப்பாரை பாறையின் ஓர் இடுக்கைத் திறந்திருக்கிறது. விளக்கை மறுபடி இறக்கினார்கள். பாதி ஆழத்திலேயே அணைந்தது.

தளவாய் மூக்கனின் முகத்தைப் பார்க்கவில்லை. கல்தூணுக்குப் போய் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான்.

"சுருக்குத்தான் போட்டேன்," என்றான். "நுனியை இழுத்தா வந்துரும். லேசான சுருக்குத்தான்."

முடிச்சில் நகம் நுழையவில்லை. பல்லால் கடித்தான். ஈறில் ரத்தம் வந்தது. முடிச்சு கல்லைப்போல் இறுகியிருந்தது.

சொர்ணம் அரிவாளோடு வந்தாள். அவனைத் தள்ளிவிட்டு ஓங்கிப் போட்டாள். கயிறு அறுந்தது. முடிச்சு மட்டும் தூணைச் சுற்றி வளையமாக நின்றது.

"பாத்துக்கோ," என்றாள். அவளுக்கு மூச்சு இரைத்தது. "நீ போட்டது லேசான சுருக்கு. மிச்சத்தைப் போட்டது அவரு. எத்தனை தடவை இழுத்திருந்தா இப்படி இறுகும்?"

தளவாய் முடிச்சைத் தடவினான்.

"கூப்பிட்டிருக்காரு," என்றான்.

*

அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. குழி வெட்ட வந்தவர் கேட்டார்.

"இவருக்கு எந்த ஊரு? யாருக்குச் சொல்லிவிடணும்?"

எல்லாரும் தளவாயைப் பார்த்தார்கள். அடுத்த பாய்க்காரன் அவன்தானே.

தளவாய் வாயைத் திறந்தான். மூக்கன் எந்தெந்த நாளில் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பொங்கலன்று தன் பக்கம் முதுகு காட்டிப் படுத்தான் என்று தெரியும். ஊர் தெரியாது. கல்யாணம் ஆனவனா என்று தெரியாது. ஏன் இங்கே வந்தான், ஏன் தங்கினான் என்று தெரியாது.

"தெரியாது," என்றான்.

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லியாச்சு," என்றாள் அம்மை. "நீங்க ஆக வேண்டியதைப் பாருங்க."

வாய்க்கரிசியை அவளே முதலில் போட்டாள். அவள் கை நடுங்கியதைத் தளவாய் பார்த்தான். நான் செத்தாலும் இப்படிக் கை நடுங்குமா என்று ஒரு நினைப்பு வந்தது.

அந்த நேரத்திலும் அந்த நினைப்புதான் வந்தது. தளவாய்க்குத் தன்னைக் கண்டே அருவருப்பு வந்தது. எழுந்து போய்க் குழி வெட்டியவரின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

*

கிணறு பாதியில் நின்றது. கூடையில் கடைசியாக வந்த மண் ஈரமாக இருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் வெட்டினால் தண்ணீர். ஆனால் ஆளை விழுங்கிய கிணற்றில் இறங்க யாரும் முன்வரவில்லை. வாசலில் குடங்கள் வெறுமனே வரிசையில் இருந்தன. கைக்குழந்தைக்காரியின் குழந்தை தாகத்தில் அழுது ஓய்ந்திருந்தது. அந்த அமைதிதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

அம்மை தினமும் காலையில் விளக்கை இறக்கிப் பார்த்தாள். கிணற்று மூடியைத் திறந்துபோட்டுக் காற்று விட்டாள். வேப்பங்குழையைக் கட்டி இறக்கி, மேலும் கீழும் இழுத்து விசிறினாள். ஒரு காலையில் விளக்கு அடிவரைக்கும் எரிந்தது.

அவள் சேலையை வரிந்து கட்டினாள். கயிற்றை இடுப்பில் கட்டினாள். ஒரு முழம் குறைந்துபோன கயிறு. நுனியைக் கொண்டுவந்து தளவாயின் மடியில் போட்டாள்.

சாப்பிடாமல் கொள்ளாமல் தூணோரம் கிடந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பிடி," என்றாள்.

சொர்ணம் ஓடிவந்தாள். "இவன் கையிலயா? அம்மா, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நான் பிடிக்கேன். ஊருல ஆம்பளையே இல்லையா? யாரு வேணும்னாலும் பிடிக்கட்டும்."

"நீ கூடையைப் பாத்துக்கோ," என்றாள் அம்மை.

தளவாயின் கை கயிற்றைத் தொடாமல் மேலேயே நின்றது. எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கேள்வி அவன் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அவனால் அடக்க முடியவில்லை.

"அம்மா, உங்களுக்கு எம்மேல கோவமா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவள் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

"ஆமா," என்றாள். "கயித்தைப் பிடி."

இறங்கினாள்.

*

கயிறு தளவாயின் உள்ளங்கையில் இருந்தது.

எத்தனையோ வருஷமாக எந்தச் சொல்லுக்குப் பயந்தானோ, அந்தச் சொல் வந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. சொன்னவளின் உயிர் அவன் கையில் கனத்துக்கொண்டிருந்தது.

ஆட்டிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆட்டவில்லை.

கீழே கடப்பாரைச் சத்தம். தளவாய் காதைக் கொடுத்துக் கேட்டான். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே மூச்சு வாங்குகிறாளா? கை சோர்கிறதா? பாறையா, மண்ணா? கயிற்றை நேராகப் பிடித்தால் விளிம்புக் கல்லில் உரசுகிறது. எழுந்து நின்று கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். சொர்ணம் அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை.

அப்போது கயிறு லேசாக விறைத்தது.

பிறகு ஒரே ஒரு சுண்டு.

பிறகு மெல்லத் தளர்ந்தது. கை அறுபடாமல்.

ஒரு கணம், கீழே இருப்பது மூக்கன்தான் என்று நினைத்தான் தளவாய். எட்டிப் பார்க்கப் போனான். பயந்து நின்றான்.

"கூடை நிறைஞ்சிட்டு," என்றான் சொர்ணத்திடம்.

மறுபடியும் அப்படியே வந்தது. முதலில் ஒரு விறைப்பு. ஒரு சுண்டு. மெல்ல ஒரு தளர்வு. கிணறு வெட்டுகிற வீட்டில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே ஒரே கயிற்றின் இரண்டு முனையில் வளர்ந்தால்தான் ஒருவர் கை இன்னொருவர் கைக்கு இப்படி வரும்.

காந்தல் ஞாபகம் வந்தது. 'நீங்க' ஞாபகம் வந்தது. வாய்க்கரிசி போட்ட கை ஞாபகம் வந்தது.

தளவாய் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொழுது உச்சிக்கு ஏறியது. கயிறு விடாமல் சுண்டியபோது அவன் கத்திய கத்தலில் ஊரே ஓடிவந்தது. தூக்கினார்கள்.

அம்மை இடுப்புவரைக்கும் நனைந்திருந்தாள்.

தண்ணீர்! ஜனங்கள் குடத்தோடு முண்டியடித்தார்கள். யாரோ குலவையிட்டார்கள். சொர்ணம் மட்டும் தளவாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வாயைத் திறப்பான், இப்போதாவது கோபம் போச்சா என்று கேட்பான், கேட்டால் அரிவாளை எடுத்துவிடுவது என்று இருந்தாள்.

தளவாய் கயிற்றை விடாமலே அம்மையின் பக்கத்தில் வந்தான்.

"மூக்கண்ணன் உங்களுக்கு யாரும்மா?"

அம்மை முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டாள். அவனை நன்றாகப் பார்த்தாள்.

"எங்கூடப் பிறந்தவரு," என்றாள்.

பிறகுதான் அழுதாள்.